வேடசந்தூர்ப் பிள்ளைகளும் ஜெர்மன் பாஷையும்

வேடசந்தூரில் ஜெர்மன் பாஷை கற்பிக்க வேண்டுமென்று நாம் எழுதப் புகுந்தால் நண்பர்களில் பலர் நகைப்பார்கள் என்பதை அறிவோம். குடகனாற்றில் தண்ணீர் வருமா என்று வானத்தைப் பார்த்திருக்கும் ஊர். புகையிலையும் சோளமும் விளையும் புன்செய்க் காடு. விடியுமுன் மில் வண்டிகள் கிராமம் கிராமமாகச் சென்று பெண்களை ஏற்றிவரும் தாலுகா. தமிழும் இங்கிலீஷும் பழுதின்றி எழுதப் பிள்ளைகளைப் பழக்குவதே பெரும்பாடாயிருக்கும் இடத்தில், ஐரோப்பாவின் நடுவில் வழங்கும் ஒரு பாஷைக்கு என்ன அவசரம் வந்துவிட்டது என்று கேட்பது நியாயமே. அக்கேள்விக்கு விடை சொல்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

உண்மையில் ஜெர்மனி வேடசந்தூருக்கு வந்து வெகு நாளாயிற்று. பள்ளிக்கூடத்துக்குள் மட்டுந்தான் அது இன்னும் நுழையவில்லை. தமிழ்நாட்டு நூற்பு மில்களில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் யந்திரங்களிலும், நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் யந்திரங்களிலும் ட்ருட்ஸ்லர், ஷ்லாஃப்ஹார்ஸ்ட் முதலிய ஜெர்மன் பெயர்களைத் தொழிலாளர் நாள்தோறும் காண்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூரைத் தொட்டு வடக்கே செல்லும் பெருவழி கரூரை அடைகிறது. அவ்வூரில் நெய்து தைக்கப்படும் படுக்கை விரிப்புகளும் மேஜை விரிப்புகளும் சமையலறைத் துண்டுகளும் கடல் கடந்து போகின்றன. ஆண்டுதோறும் ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் கூடும் ஹைம்டெக்ஸ்டில் என்னும் ஜவுளிச் சந்தைக்குக் கரூர் வியாபாரிகள் மாதிரிச் சரக்குகளுடன் போய்வருவது வழக்கம்.

வியாபாரம் இருக்கட்டும். சட்டம் ஒன்றைச் சொல்லுவோம். ஜெர்மன் பார்லிமெண்டு 2021-ல் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தது. தங்களுக்குச் சரக்கு அனுப்பும் அயல்நாட்டுத் தொழிற்சாலைகளில் பலவந்த வேலையும், குழந்தைகளை வேலைக்கு வைப்பதும், கூலியை அபகரிப்பதும் நிகழாமல் பார்த்துக்கொள்வது பெரிய ஜெர்மன் கம்பெனிகளின் கடமை என்பது அச்சட்டத்தின் சாரம். பின்னர் அதைத் தளர்த்த வேண்டுமென்ற பேச்சு அங்கேயே பலமாக எழுந்தது. அது எப்படியாயினும், வேடசந்தூர்ப் பக்கத்து மில் ஒன்றில் இரவு ஷிப்டு பார்க்கும் பெண்ணின் நலனைத் தொடுகிற ஒரு சட்டம் பெர்லினில் எழுதப்படுகிறது. அங்கேயே திருத்தவும் படுகிறது. அதன் மூலத்தைத் தாமே படித்து, “அம்மா, இதில் உனக்கு இன்ன பாத்தியதை உண்டு” என்று அவளுக்குச் சொல்லக்கூடியவர் இந்தத் தாலுகாவில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இனி ஆட்களின் விஷயம். ஜெர்மனியில் முதியோர் பெருகிவிட்டார்கள். உழைக்கும் வயதினர் குறைகிறார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸுகள் வேண்டும். பட்டறைகளுக்குக் கைத்தொழில் அறிந்தவர்கள் வேண்டும். 2024 அக்டோபரில் அந்நாட்டுச் சர்க்கார், தொழிலறிவு பெற்ற இந்தியருக்கு ஆண்டுதோறும் வழங்கும் விஸாக்களை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. அங்குள்ள சர்வகலாசாலைகளில் 2023-24 குளிர்காலப் பருவத்தில் 49,000-க்கு மேற்பட்ட இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அயல்நாட்டு மாணவர்களில் முன்பு முதலிடம் வகித்த சீனரை அதற்கு முந்திய ஆண்டிலேயே நம்மவர் முந்திவிட்டிருந்தனர்.

இவற்றிலும் நமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. ஜெர்மனியில் ‘அவுஸ்பில்டுங்’ என்றொரு தொழிற்பயிற்சி முறை உண்டு. வாரத்தில் சில நாள் பட்டறையில் வேலை, சில நாள் பள்ளியில் பாடம். பயிலும் காலத்திலேயே எஜமானர் மாதச் சம்பளம் கொடுப்பார். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவன் இதில் சேர விண்ணப்பிக்கலாம், பட்டம் வேண்டியதில்லை. ஆனால் பாஷை வேண்டும். ஐரோப்பியர் பாஷை அறிவை ஏ-1 தொடங்கி சி-2 வரை ஆறு படிகளாக வகுத்திருக்கிறார்கள். தொழிற்பயிற்சிக்குப் பொதுவாக மூன்றாம் படியாகிய பி-1 கேட்கிறார்கள். நர்ஸாகப் பூரண அங்கீகாரம் பெற நான்காம் படியாகிய பி-2 கேட்பது வழக்கம்.

இந்தப் படிகளை இப்பொழுது நம் பிள்ளைகள் எப்படி ஏறுகிறார்கள்? நர்ஸ் படிப்பு முடித்து, ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று வருஷம் உழைத்து, இருபத்தைந்து வயதில், கடன் வாங்கி, இரவு வேலைக்கும் பகல் தூக்கத்துக்கும் நடுவே ‘டெர், டீ, டாஸ்’ என்று உருப்போடத் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டுச் சர்க்காரின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸுகளுக்கு இலவசமாக ஜெர்மன் கற்பிக்க ஏற்பாடு செய்திருப்பது பாராட்டத்தக்கது. அதில் இடம் பெறாதவர்கள் தனியார் வகுப்புகளையும் தரகர்களையும் நாட வேண்டியதுதான். “எட்டு மாதத்தில் பி-2” என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றி நாம் அதிகம் சொல்லப்போவதில்லை. பதினான்கு வயதில் மெதுவாகவும் செலவின்றியும் செய்திருக்கக்கூடிய காரியத்தை, இருபத்தைந்தில் அவசரத்திலும் கடனிலும் செய்யும்படி நம் கல்வி முறை அவர்களை விட்டுவிட்டது என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

இங்கே தேசபக்தர் ஒருவர் குறுக்கிட்டு, “நம் பிள்ளைகளை அந்நியருக்கு ஊழியம் செய்ய அனுப்பவா பள்ளிக்கூடம் வைத்திருக்கிறோம்?” என்று கேட்கலாம். அக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளமாட்டோம். தமிழன் கூலியாகக் கடல் கடந்த சரித்திரம் நம் நெஞ்சில் ஆறாத புண். 1860-ல் நேட்டாலுக்கு முதற் கப்பல் சென்றதிலிருந்து, ஒப்பந்தக் கூலி முறை 1917-ல் நிறுத்தப்படும் வரையில், எத்தனை ஆயிரம் பேர் தமக்கு வாசிக்கத் தெரியாத காகிதத்தில் கைரேகை வைத்துக் கொடுத்துப் போனார்கள்! கரும்புத் தோட்டம் எங்கேயிருக்கிறது, கூலி எவ்வளவு, திரும்பிவர வழியுண்டா என்பதையெல்லாம் ஆள் பிடிப்பவனுடைய வாய்ச்சொல்லைக் கொண்டே அறிந்தார்கள். அம்மக்களை அடிமைப்படுத்தியதில் சவுக்குக்கு இருந்த பங்கு பெரிது. வாசிக்கத் தெரியாத அந்தக் காகிதத்தின் பங்கும் சிறிதன்று.

இன்று போகிறவர்கள் கூலிகளல்லர்; படித்தவர்கள். போகாதே என்று தடுக்க நமக்கு அதிகாரமுமில்லை. போகிறவர்களுக்குச் சமமான வேலையை இங்கே காட்டும் சக்தியும் இன்னும் நமக்கு வரவில்லை. ஆயினும் அவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஜெர்மன் பாஷையில் இருக்கிறது. குறித்த காலத்துக்கு முன் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற ஷரத்து அதிலே உண்டா, இல்லையா? வீட்டு வாடகையைச் சம்பளத்தில் பிடிப்பார்களா? இதைத் தரகனைக் கேட்டுத் தெரிந்துகொள்வதா, தானே வாசித்துத் தெரிந்துகொள்வதா? பள்ளியில் ஜெர்மன் கற்பிக்க வேண்டுமென்று நாம் சொல்வது ஆட்களை ஏற்றுமதி செய்வதற்காக அல்ல. போகிறவன் கண் திறந்து போகட்டும். போக மறுக்கிறவனும் விவரம் தெரிந்து மறுக்கட்டும்.

இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் கற்பித்த பெருமுயற்சி ஒன்று நடந்து, வெட்கப்படத்தக்க விதமாக முடிந்தது. அந்தக் கதை நமக்குப் பாடமாகும். 2011 செப்டம்பரில் கேந்திரீய வித்யாலயங்களின் நிர்வாகம், ஜெர்மன் பாஷையைப் பரப்பும் கெதே ஸ்தாபனத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஸம்ஸ்கிருதத்துக்குப் பதிலாக ஜெர்மனை மூன்றாம் பாஷையாக எடுக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. மூன்றே வருஷத்தில் எழுபதாயிரம் பிள்ளைகளுக்கு மேல் அதைக் கற்கலானார்கள். 2014 அக்டோபர் இறுதியில், அப்போதைய கல்வி மந்திரி ஸ்ரீமதி ஸ்மிருதி இரானியின் தலைமையில் கூடிய நிர்வாக சபை, இது மும்மொழித் திட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி நிறுத்திவிட்டது. வருஷத்தின் நடுவில், பாதிப் பாடம் முடிந்த நிலையில், பிள்ளைகள் ஸம்ஸ்கிருதத்துக்கு மாறவேண்டுமென்று உத்தரவு பிறந்தது. பெற்றோர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அவ்வருஷம் அப்பிள்ளைகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் பரீட்சை வைப்பதில்லை என்று சர்க்கார் அங்கே சொல்ல நேர்ந்தது. அதே நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கூடிய ஜி-20 மகாநாட்டில் ஜெர்மன் பிரதமர் அம்மையார் அங்கெலா மெர்க்கல், நம் பிரதமர் ஸ்ரீ நரேந்திர மோதியிடம் இதைப் பிரஸ்தாபித்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பாடப் புத்தகம் இரு தேசத்துத் தலைவர்கள் பேசும் விஷயமாகிவிட்டது! 2015 அக்டோபரில் மெர்க்கல் அம்மையார் தில்லி வந்தபோது, ஜெர்மன் கூடுதல் அயல்மொழியாகக் கற்பிக்கப்படலாம், ஜெர்மனியில் இந்திய பாஷைகளை வளர்க்கலாம் என்று இரு சர்க்கார்களும் ஒரு சமரசத்துக்கு வந்தன.

இதில் யார் சரி, யார் தவறு என்று தில்லியிலும் பெர்லினிலும் வாதாடினார்கள். தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும் நமக்கோ வேறொரு விசித்திரம் புலப்படுகிறது. ஜெர்மனா, ஸம்ஸ்கிருதமா என்று இவ்வளவு கூச்சல் எழுந்ததே, அதே பள்ளிகளில் தமிழின் கதி என்ன? நம் ஜில்லாவில் காந்திகிராமத்திலும் ஒரு கேந்திரீய வித்யாலயம் உண்டு. தமிழ் மண்ணில் நடக்கும் இத்தகைய பள்ளிகளில் தமிழ் கட்டாய பாடமாக வைக்கப்படவில்லை. குறித்த தொகைப் பிள்ளைகள் கேட்டால் தற்காலிக ஆசிரியரைக் கொண்டு கற்பிக்கலாம் என்பதே விதி. ஒரு பிள்ளை ஸம்ஸ்கிருதம் கற்றாலும் நன்று, ஜெர்மன் கற்றாலும் நன்று. தன் ஊர்ப் பாட்டியின் கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் பள்ளியை விட்டு வெளியேறலாம் என்றால், அந்தத் திட்டத்தை வகுத்தவர்களின் புத்தியை என்னென்பது?

நம் சொந்த வீட்டிலும் குற்றம் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. தமிழ்நாட்டு மேல்நிலைப் படிப்பில், அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில், முதற் பகுதி மொழிப் பாடமாகத் தமிழுக்குப் பதிலாக ஜெர்மன், பிரெஞ்சு முதலியவற்றை எடுக்க இடமுண்டு. ஆகவே ஜெர்மன் நம் பாடத் திட்டத்தில் இல்லாத வஸ்துவன்று. ஆனால் அது யாருக்குப் பயன்பட்டது? பட்டணத்துத் தனியார் பள்ளிகளில், தமிழ் எடுத்தால் மார்க்கு குறையும், அயல்மொழி எடுத்தால் மனப்பாடத்தால் மார்க்கு ஏறும் என்ற கணக்கில் இவற்றை எடுத்தவர் மிகப் பலர். இரண்டு வருஷம் கழித்து அவர்களில் எத்தனை பேரால் அந்தப் பாஷையில் ஒரு கடிதம் எழுத முடிந்தது? தமிழும் போயிற்று, அயல்மொழியும் வரவில்லை. பத்தாம் வகுப்பு வரை எல்லாரும் தமிழ் கற்கவேண்டுமென்று 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் செய்யப்பட்டு, அது படிப்படியாக மேலே ஏறி 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியதால் கீழ் வகுப்புகளில் இந்த வியாதி ஓரளவு குணமாயிற்று. மேல்நிலையில் அது இன்னும் நீங்கவில்லை. ஜெர்மனுக்காக நாம் தமிழைக் கொடுக்கமாட்டோம். தமிழுக்குப் பதிலாக ஜெர்மன் என்பது நமக்குச் சம்மதமில்லை. தமிழின் மூலமாக ஜெர்மன் என்பதே நமது கோரிக்கை.

“தமிழின் மூலமாக” என்று சொல்வது வெறும் அபிமானத்தாலன்று. ஜெர்மன் வகுப்புகள் நம் நாட்டில் பெரும்பாலும் இங்கிலீஷின் வழியாகவே நடக்கின்றன. இங்கிலீஷில் தடுமாறும் கிராமத்துப் பிள்ளை இதனால் இரட்டைச் சுமை சுமக்கிறான். ஆனால் ஜெர்மன் இலக்கணத்தின் பல இடங்களுக்கு இங்கிலீஷைவிடத் தமிழே நெருங்கிய வழி. வேற்றுமையை எடுத்துக்கொள்வோம். இங்கிலீஷ் அதை ஏறக்குறைய இழந்துவிட்டது. ஜெர்மனிலோ நான்கு வேற்றுமைகள் உண்டு. எட்டு வேற்றுமை படித்த தமிழ்ப் பிள்ளைக்கு நான்கு பெரிதா? உருபு பெயரின் பின்னே ஒட்டுவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் முன்னே நிற்கும் சிறு சொல்லில் ஏறிக்கொள்ளும், அவ்வளவே. “காய்ச்சல் இருப்பதால் வரவில்லை” என்று நாம் சொல்கையில் காரணம் கூறும் பகுதியின் இறுதியில் வினை நிற்கிறது. ஜெர்மானியனும் அத்தகைய வாக்கியத்தில் வினையை இறுதிக்கே தள்ளுகிறான். இங்கிலீஷ் வழியாகக் கற்பவன் இந்த இடத்தில் மாதக்கணக்காகத் தடுமாறுகிறான்.

தொகைச் சொற்களும் அப்படியே. ‘கிராங்கன்ஹௌஸ்’ என்றால் நோயாளர் வீடு. அதுவே அவர்களுக்கு ஆஸ்பத்திரி. ‘ஹாண்ட்ஷூ’ என்றால் கைச்செருப்பு. நாம் கையுறை என்பதை அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். சொற்களை ஒட்டி ஒட்டி நீட்டும் வழக்கம் தமிழனுக்குப் புதிதன்று. எண்ணைச் சொல்லும்போதுதான் சற்றுத் தலை சுற்றும். இருபத்தைந்தை ‘ஐந்தும் இருபதும்’ என்று தலைகீழாகச் சொல்வார்கள். பெரிய தொல்லை பால் பாகுபாடு. அவர்களுக்கு மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால்; இளம்பெண்ணைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ என்ற சொல்லோ இரண்டுமற்ற மூன்றாம் பால்! உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பிரித்த நம் இலக்கண ஆசிரியர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்களோ. அதற்கு உருப்போடுவதைத் தவிர மார்க்கமில்லை. இளம் வயதில் உருப்போடுவது எளிது.

ஜெர்மானியர் நம் பாஷையைக் கற்ற விதத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற இளைஞர், வயது முதிர்ந்த உபாத்தியாயர் ஒருவரைத் தம் வீட்டிலேயே திண்ணைப் பள்ளி நடத்தச் சொல்லி, சிறு பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். பத்தே வருஷத்தில், 1716-ல், அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. அவருடைய மத நோக்கத்தை நாம் ஏற்கலாம், ஏற்காதிருக்கலாம். மணலில் உட்காரக் கூசாத அந்த மனத்தைப் போற்றாதிருக்க இயலாது. 1856-ல் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன் பாஷையில் வெளியிட்டார். 1923-ல் ஷோமெருஸ் என்பவர் திருவாசகத்தைப் பெயர்த்தார். அவர்கள் நம் நூல்களைத் தங்கள் பாஷைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய கவிஞரையும் தத்துவ ஞானிகளையும் மூலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவர நம்மில் எத்தனை பேர் கிளம்பினார்கள்? பெரும்பாலும் இங்கிலீஷ் என்னும் இரண்டாம் பாத்திரத்தில் ஊற்றியதையே நாம் மூன்றாம் பாத்திரத்தில் வாங்கிக் குடிக்கிறோம்.

ஆட்சேபம் ஒன்று நிச்சயமாக வரும். “ஹிந்தி வேண்டாமென்று 1968-ல் சட்டசபையில் இருமொழித் தீர்மானம் செய்தீர்கள், இப்பொழுது ஜெர்மன் மட்டும் எப்படி வரலாம்?” என்பார்கள். தமிழ்நாடு எதிர்த்தது ஒரு பாஷையை அன்று, நிர்ப்பந்தத்தை. மகாத்மாவின் முயற்சியால் 1918-ல் சென்னையில் தொடங்கிய ஹிந்தி பிரசார சபையின் பரீட்சைகளுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் தாமே விரும்பிப் பெருந்தொகையாகப் போய்வருகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. ஜெர்மனும் அப்படியே இருக்கட்டும். நேர அட்டவணைக்கு வெளியே, பரீட்சை மார்க்கில் சேராமல், விரும்பியவர் மட்டும் கற்பது. ஒருவரும் இதனால் தேறவும் வேண்டாம், தவறவும் வேண்டாம். புதிய தேசீயக் கல்விக் கொள்கை 2020-ல் வெளியானபோது, உயர்நிலைப் படிப்பில் கற்கக்கூடிய அயல்மொழிகளின் வரிசையில் ஜெர்மனையும் குறிப்பிட்டது. ஆனால் அதை மூன்று மொழிக் கூட்டுக்குள் வைத்துக் கட்டியதால் நாம் அந்த வழியாகப் போக முடியாது, போகவும் அவசியமில்லை.

சரி, இது சாத்தியமா? கணக்குப் பார்ப்போம். பி-1 படியை எட்ட 45 நிமிஷப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை தேவைப்படும் என்பது கெதே ஸ்தாபனத்தாரின் மதிப்பு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருஷம். வாரத்துக்கு மூன்று பாடவேளை. பரீட்சையும் விடுமுறையும் போக வருஷத்துக்கு 35 வாரம். ஆக 420 பாடவேளை. ஊக்கமுள்ள பிள்ளை பி-1 வாசலுக்கு வந்துவிடுவான். ஊக்கம் குறைந்தவனும் ஏ-2 என்ற இரண்டாம் படியில் உறுதியாக நிற்பான். பின்னர் நர்ஸாகப் போகிறவளுக்கு மிச்சமிருப்பது மலையன்று, மேடு.

பெரிய தடை ஆசிரியர்தான். வேடசந்தூர், எரியோடு, வடமதுரை ஆகிய மூன்று ஊர்ப் பள்ளிகளுக்கும் சேர்த்து முதலில் ஒருவர் போதும். ஊருக்கு வாரம் இரண்டு மாலை, ஒவ்வொரு மாலையும் ஒன்றரைப் பாடவேளை. தமிழிலும் இங்கிலீஷிலும் பழுத்த பள்ளி ஆசிரியர்களில் விருப்பமுள்ளவரைத் தேர்ந்து, சம்பளத்துடன் ஒரு வருஷம் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும். தினக்கூலிக்கு ஆள் வைத்து, மார்ச்சில் அனுப்பிவிட்டு, ஜூனில் வேறொருவரைத் தேடும் வழக்கத்தை இதிலாவது விட்டொழிக்க வேண்டும்.

தமிழ் வழியில் எழுதிய பாட நூலுக்கு எங்கே போவது? அதற்கும் ஆட்கள் உண்டு. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து அகதிகளாகச் சென்ற தமிழர்கள் ஜெர்மனியில் வேரூன்றிவிட்டார்கள். ஹம் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-ல் கும்பாபிஷேகம் நடந்தது. வாரமெல்லாம் ஜெர்மன் பள்ளியில் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகள், வார இறுதியில் தமிழாலயம் என்னும் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். அப்படி வளர்ந்த தலைமுறைக்கு இரண்டு இலக்கணமும் இரத்தத்தில் ஊறியவை. தமிழ்நாட்டுச் சர்க்காரின் பாட நூல் நிறுவனம் அவர்களில் நால்வரையும், நம் இலக்கண ஆசிரியர் நால்வரையும் ஓரிடத்தில் உட்கார வைத்தால் ஒரு வருஷத்தில் நல்ல நூல் கிடைக்கும்.

பரீட்சைக் கட்டணத்தையும் மறக்கக்கூடாது. ஏ-1, பி-1 சான்றிதழ்களுக்குப் பரீட்சை எழுதப் பெருநகரங்களுக்குப் போகவேண்டும். கட்டணமோ மில் தொழிலாளியின் பல நாள் கூலி. படிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுச் சான்றிதழை எட்டாத உயரத்தில் வைப்பது வீண். பி-1 எழுதத் தகுதியானவன் என்று ஆசிரியர் சொல்லும் பிள்ளைக்கு வழிச் செலவையும் கட்டணத்தையும் ஒருமுறை சர்க்கார் ஏற்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. வேடசந்தூர்ப் பக்கத்து மில்களில் வேலை செய்யும் பெண்களில் பலர் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படித்து, வறுமையால் நின்றவர்கள். பள்ளியில் இத்தகைய வகுப்பு ஏற்படுமானால், அது பள்ளிப் பிள்ளைகளோடு நின்றுவிடக்கூடாது. வார விடுமுறை நாளில் காலை இரண்டு மணி நேரம் அதே அறையில், அதே ஆசிரியரிடம், அவர்களும் வந்து உட்கார இடம் வேண்டும். ஆசிரியருக்கு அந்த வேலைக்குத் தனிப் படி கொடுக்கவேண்டும். விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் வந்துபோக மில் முதலாளிகள் வண்டி விடவேண்டும். வேலைக்கு அழைத்துவர விடியற்காலையில் வண்டி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமான காரியமாக இராது.